பிஸ்கட்டுக்கு ரோஸ் எடுபடாது

தி.நகரில் சூரியனை நம்பாத ஒரே மனிதர் ஷேடு அண்ணாச்சிதான். சூரியன் உதிப்பதிலும் மறைவதிலும் அண்ணாச்சிக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் ஒரு துணியின் நிறத்தைப் பற்றிப் பேச சூரியனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்பார். "காலையில ஒரு கலர் காட்டுவாரு, மத்தியானம் ஒண்ணு காட்டுவாரு, ஒரு மேகம் வந்துட்டா பேச்சே மாறிடும். அவரை நம்பி பிளவுஸ் தைக்க முடியுமா தங்கச்சி?" என்பார்.

இந்தப் பகை ஒருநாள் ஓர் உயிரைக் கேட்டு வாசலில் வந்து நின்றது. அதைச் சொல்வதற்கு முன் கடையைச் சொல்லிவிடுகிறேன்.

உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டு பட்டுக்கடைகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது அவருடைய மேட்சிங் சென்டர். ஓர் ஆள் கையை விரித்தால் அகலம் தீர்ந்துவிடும். இரண்டு பக்கமும் கூரை வரை பிளவுஸ் பிட்டுகள். உள்ளே எந்நேரமும் டியூப் லைட். அந்தக் கட்டடத்தின் மாடியில் இருந்த டிராவல் ஏஜென்சியில்தான் நான் அப்போது வேலை பார்த்தேன். மாடிப்படி அவர் கடை வாசலில் ஆரம்பிக்கும். அவர் கண்ணில் படாமல் நான் ஒருநாளும் ஆபீசுக்குப் போனதில்லை. "இன்னைக்கு உங்க மேனேஜர் மூஞ்சி அரக்குல இருக்கு, பாத்துப் பேசுங்க" என்று எச்சரித்து அனுப்புவார். அரக்கு என்று அவர் சொன்ன நாளில் எனக்குத் திட்டு விழாமல் இருந்ததே இல்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. ஷேடு அண்ணாச்சி என்றால் பனகல் பார்க் வரை வழி சொல்வார்கள்.

மேட்சிங் கடைக்குப் போகிற எந்தப் பெண்ணும் ஒரு காரியம் செய்வாள். பிட்டைப் புடவை மேல் வைத்து, இரண்டையும் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பாள். என் அம்மா பார்த்தாள், நானும் பார்க்கிறேன். அண்ணாச்சி கடையில் மட்டும் அது தேசத்துரோகம். 'துணியை வெளிச்சத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது' என்று சுவரில் பலகையே மாட்டியிருந்தார்.

ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா பலகையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வாசலை நோக்கி நடந்தார். அண்ணாச்சி பாய்ந்து வந்து வாசலில் குறுக்கே நின்றுவிட்டார்.

"அம்மா, பொடவை சந்தனம். உங்க கையில இருக்கது பிஸ்கட்."

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?"

"ஒண்ணா? உங்க மவளும் மருமவளும் ஒண்ணா?"

கூட வந்த மருமகள் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா திரும்பி உள்ளே வந்து சந்தனத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணாச்சியின் பூனைக்கும் பெயர் சந்தனம்தான். உடம்பு முழுக்கக் கோடு, புள்ளி எதுவும் இல்லாத ஒரே நிறம். கழுத்துப்பட்டை கிடையாது. "கலர் தெரியாதவனுக்குத்தான் பட்டை வேணும்" என்பார். அது மஞ்சள் வகைப் பிட்டுகள் அடுக்கிய தட்டில்தான் படுக்கும். எனக்குப் பூனை ஆகாது. ஒரு முடி காற்றில் வந்தால் போதும், அடுக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும். தினமும் காலையில் படியேறும்போது நான் தும்முவதை வைத்து மாடியில் மேனேஜர் மணி தெரிந்துகொள்வார்.

இரண்டு வருஷத்துக்கு முன், மழை விட்ட சமயத்தில், எங்கள் சந்துப் பூனைகளுக்கு ஒரு நோய் வந்தது. முதலில் சந்தில் இருக்கும் மெஸ்ஸின் பின்பக்கம் இருந்த கறுப்புப் பூனை சாப்பிடாமல் தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. மறுநாள் இல்லை. பிறகு அதன் குட்டிகள், பிறகு பட்டுக்கடைக் காவலாளி வளர்த்த பூனை. வாந்தி, வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். மாசம் முடிவதற்குள் சந்து முழுக்கக் காலி. எலிகளெல்லாம் பட்டப்பகலில் நடமாட ஆரம்பித்துவிட்டன.

சந்தனம் மட்டும் ஒன்றும் ஆகாமல் மஞ்சள் தட்டில் படுத்திருந்தாள். செத்துப்போன பூனைகளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள், அவற்றை நக்கிக் கொடுத்தவள். ஒரு வேளை சோறுகூடக் குறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாம்பழ மஞ்சளில் பிட்டு தேடிக்கொண்டு டாக்டரம்மா வந்தார். ஆழ்வார்பேட்டையில் கால்நடை கிளினிக் வைத்திருக்கும் மயிலாப்பூர்ப் பெண். முப்பது வயதுதான் இருக்கும். சந்துக் கதையைக் கேட்டதும் புடவையை மறந்துவிட்டார்.

"மாமா, இவளுக்குத் தடுப்பூசி ஏதாவது போட்டிருக்கேளா?"

"தையல் ஊசிகூட அவகிட்ட நெருங்கினதில்ல."

"அப்போ இவ ரத்தத்துல கொஞ்சம் எனக்கு வேணும்."

அண்ணாச்சி பூனையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வீட்டுப் பூனைகளைக் கொல்லும் வைரஸ்களைப் பற்றி ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி நடக்கிறதாம். நோய் சுற்றி வளைத்த இடத்தில் இருந்தும் நோய் வராமல் தப்பித்த பூனைகளைத் தேடுகிறார்களாம். அவற்றின் ரத்தத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று தெரிந்தால், நாளைக்கு வேறு பூனைகளைக் காப்பாற்றலாமாம்.

"மத்த பூனையெல்லாம் பொழைக்குமா?"

"பொழைக்க வழி தெரியலாம் மாமா."

"எடுத்துக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

கழுத்தில் கொஞ்சம் முடி மழித்து ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து டாக்டரம்மா ஃபோன் செய்தார். அந்த வைரஸை எதிர்க்கும் சமாச்சாரம் சந்தனத்தின் ரத்தத்தில் ஏகத்துக்கும் இருக்கிறதாம். வைரஸ் அவளுக்குள் நுழைந்திருக்கிறது, அவள் அதை விரட்டியிருக்கிறாள், வெளியே ஓர் அறிகுறியும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அன்றிலிருந்து அண்ணாச்சியைக் கையில் பிடிக்க முடியவில்லை. பூனை என்று யாராவது சொன்னால் திருத்துவார். "சந்தனம் எங்கே?" என்று கேட்டால் "ஆராய்ச்சிக்குப் போயிருக்கா" என்பார். அவள் கிளினிக்குக்குப் போகும் நாளில் நெற்றியில் விபூதி வைத்து அனுப்புவார். பிட்டு வாங்க வந்தவர்கள் லைனிங் துணியை மறந்து வைரஸைப் பற்றித் தெரிந்துகொண்டு போனார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். "நோய் வந்த பூனை பக்கத்துல இருந்தாலும் இவளுக்கு ஒண்ணும் ஆகாது" என்று டாக்டரம்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதை அண்ணாச்சி வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். வாடிக்கையாளர் வீட்டில் எந்தப் பூனைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் சந்தனத்தைக் கூடையில் வைத்து அனுப்ப ஆரம்பித்தார். பக்கத்தில் படுத்தால் தைரியம் வருமாம். கோடம்பாக்கம் போய் வந்தாள், நந்தனம் போய் வந்தாள். இந்தச் சேதி ஆழ்வார்பேட்டைக்கு எட்டியதும் டாக்டரம்மா கடைக்கே வந்துவிட்டார்.

"என்ன பண்ணிண்டு இருக்கேள் மாமா? இவளுக்கு ஒண்ணும் ஆகாது, சரி. இவ காலுல ஒட்டிண்டு வைரஸ் அடுத்த ஆத்துக்குப் போகுமே, அதுக்கு யார் பொறுப்பு?"

அண்ணாச்சி முகம் வெளுத்துவிட்டது. இனி அனுப்புவதில்லை என்று கடைப் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்தார்.

கிளம்பும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். "ஆத்துல இன்னொண்ணு இருக்குன்னேளே, பிஸ்கட், அவளை அழைச்சிண்டு வாங்கோ. தடுப்பூசி போட்டுடலாம்."

பிஸ்கட், சந்தனத்தோடு ஒரே வயிற்றில் பிறந்தவள். நங்கநல்லூரில் அண்ணாச்சி வீட்டில் இருந்தாள். அவள் மதினியின் பூனை. அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

"ஒரு தாய் வயித்துப் பிள்ளைக டாக்டரம்மா. இவளுக்கு இருக்கது அவளுக்கும் இருக்கும்."

"அப்படிக் கெடையாது. சந்தனம் அந்த வைரஸை நேருக்கு நேர் பார்த்துட்டா. பிஸ்கட் ஆத்து வாசப்படியே தாண்டினதில்லை. அவளுக்கு வந்தா தாங்க மாட்டா."

"அடுத்த மாசம் கூட்டிட்டு வாரேன்" என்றார் அண்ணாச்சி.

அந்த அடுத்த மாசம் தூத்துக்குடியில் மகளுக்குப் பிரசவம் என்று மதினி கிளம்பிப் போனார். பிஸ்கட் கடைக்கு வந்தாள். கழுத்தில் மதினி தன் கையால் கட்டிய ரோஸ் ரிப்பன். அண்ணாச்சி அவளைக் கல்லா மேல் உட்காரவைத்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"தங்கச்சி, பிஸ்கட்டுக்கு ரோஸ் எடுபடாது."

"பூனைதானே அண்ணாச்சி, விடுங்க" என்றேன், தும்மலுக்கு நடுவே.

"மேட்சிங் கடைக்குள்ள இப்பிடி ஒண்ணு சுத்திக்கிட்டு இருந்தா நாலு பேரு என்ன நினைப்பாவ?"

ரிப்பனை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பொருத்தமாகக் காப்பிக் கலரில் ஒன்று வெட்டிக் கட்டுவதாகத் திட்டம். வியாபார மும்முரத்தில் அதுவும் நடக்கவில்லை, தடுப்பூசியும் நடக்கவில்லை. சந்தனத்துக்குக் கழுத்தில் மழித்த முடியும் அதற்குள் வளர்ந்துவிட்டது. ஆக, அந்த டியூப் லைட்டின் அடியில் ஒரே அளவில், ஒரே சாயலில், அடையாளம் ஏதுமின்றி இரண்டு பூனைகள். ஒருத்திக்கு அந்த வைரஸ் ஒரு பொருட்டே இல்லை. இன்னொருத்திக்கு அது எமன்.

அப்போதுதான் மயிலாப்பூர் மாடவீதிப் பக்கமிருந்து வீணை டீச்சர் ஃபோனில் அழுதார். பல வருஷ வாடிக்கை. அவர் வீட்டுப் பூனை அதே நோயில் செத்துவிட்டது. மிஞ்சிய ஒரே குட்டி நடுங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு சூடு பக்கத்தில் இருந்தால் பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது, சந்தனத்தை அனுப்ப முடியுமா? அண்ணாச்சி பிள்ளையாரைப் பார்த்தார். டாக்டரம்மாவை நினைத்தார். டீச்சர் விசும்புவது ஃபோனை மீறி எனக்கே கேட்டது.

"ஒரே ஒரு தடவை" என்று சொல்லி, சந்தனத்தைத் தூக்கிக் கூடையில் வைத்து, குட்டி தேறும் வரை அங்கேயே இருக்கட்டும் என்று சந்துமுனை ஆட்டோக்காரரிடம் கொடுத்து அனுப்பினார்.

மதினி தூத்துக்குடியிலிருந்து தினமும் வீடியோ காலில் வருவார். புருஷனைப் பார்ப்பதற்கு அல்ல. அண்ணாச்சி ஃபோனைப் பூனையின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். கூடை மயிலாப்பூர் போன ஐந்தாம் நாளும் மதினி ஆரம்பித்தார்.

"ஏங்க, ரிப்பன் எங்க?"

"அழுக்காயிட்டு. துவைக்கப் போட்டிருக்கேன்."

"ஏன் என்னயப் பாத்ததும் மூஞ்சத் திருப்புது? பேர் சொன்னா ஓடி வருமே."

"விட்டுட்டுப் போயிட்டேல்லா, அந்தக் கோவம்."

"கலரும் ஒரு மாதிரி இருக்கு."

"ஏட்டி, கலரப் பத்தி எங்கிட்டயா சொல்லுத? ஃபோனுல அப்பிடித்தான் தெரியும்."

அதற்கடுத்த நாள் மத்தியானம் சந்து முழுக்கக் கரண்ட் போனது. நான் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி வந்தேன். கடைக்குள் கும்மிருட்டு. அண்ணாச்சி கல்லாவில் விசிறிக்கொண்டிருந்தார். இரண்டு பட்டுக்கடைப் பலகைகளுக்கும் நடுவே உச்சி வெயில் ஒரு துண்டு, வாசல்படியில் விழுந்திருந்தது. பூனை தட்டிலிருந்து குதித்து, சோம்பல் முறித்து, வெளியே வந்து அந்த வெயிலில் நீட்டிப் படுத்தது.

அண்ணாச்சியின் விசிறி நின்றது.

எழுந்து வந்தார். வாசலில் குனிந்து பார்த்தார். உள்ளே போய் இருட்டில் தடவி இரண்டு பிட்டுகளை உருவிக்கொண்டு வந்தார். பிஸ்கட் பிட்டைப் பூனையின் முதுகில் வைத்தார். துணி தனியாகத் தெரிந்தது. சந்தனப் பிட்டை வைத்தார். துணி எங்கே முடிகிறது, பூனை எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"தங்கச்சி, நீங்க பாத்துச் சொல்லுங்க. இது என்ன கலரு?"

அத்தனை வருஷத்தில் அவர் இன்னொருவரிடம் கலர் கேட்டு நான் பார்த்ததில்லை. 

"சந்தனம், அண்ணாச்சி."

"அப்ப மயிலாப்பூருக்குப் போனது?"

போனது தடுப்பூசி போடாத பிஸ்கட். அவர் ஷட்டரை இழுத்தார். மத்தியான வியாபாரத்தில் அந்த ஷட்டர் இறங்கியதைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் யாருக்கோ நெஞ்சுவலி என்று நினைத்து ஓடி வந்தார். சந்தனத்தைத் தெருவில் விட மனமில்லாமல் ஒரு கட்டைப்பையில் போட்டு என் கையில் திணித்தார் அண்ணாச்சி. எனக்குப் பூனை ஆகாது என்று சொல்ல அது நேரமில்லை.

ஆட்டோ பனகல் பார்க்கில் மெட்ரோவுக்குத் தோண்டிய இடத்தில் நின்றது. முன்னால் பஸ், பின்னால் பஸ், பக்கத்தில் தடுப்பு. அண்ணாச்சி சீட் நுனியில் உட்கார்ந்து கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னா நைனா இப்டி பதறிக்கினு கீற? ரோடு பூரா நோண்டி வச்சிகீறான். நான் இன்னா பறந்தா போவ முடியும்?"

"உயிர் போவுதுய்யா!"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் மூக்கும் கண்ணும் ஒழுக, மூச்சுக்குத் திணறி, அடுக்குத் தும்மலில் இருந்தேன். உயிர் போவது எனக்குத்தான் என்று முடிவுகட்டிவிட்டார். "யம்மா, தம் கட்டிக்கோ!" என்று சொல்லி, நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றி, ஒரு சந்தில் புகுந்து, இன்னொரு சந்தில் வெளிப்பட்டு, கோயில் குளத்தருகே கொண்டுபோய் நிறுத்தினார். நான் அவரைத் திருத்தவில்லை.

வீணை டீச்சர் கதவைத் திறந்து சிரித்த முகத்தோடு வரவேற்றார். "வாங்கோ, வாங்கோ! குட்டி பொழைச்சுண்டுடுத்து. பாலெல்லாம் குடிக்கறது. உங்க சந்தனம் தெய்வம்!"

கூடத்து மூலையில் குட்டி துள்ளிக்கொண்டிருந்தது. அதன் அருகே பிஸ்கட், தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் சந்தில் ஒவ்வொரு பூனையும் கடைசியில் அப்படித்தான் உட்கார்ந்தது.

"காத்தாலேர்ந்து சாப்பிடலை. ஒரு தரம் வாந்தி பண்ணித்து. களைச்சுப் போயிருக்குன்னு நெனைச்சேன்."

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து "பிஸ்கட்டு" என்று கூப்பிட்டார். அவள் எழுந்திருக்க முயன்று, முடியாமல், அவர் பக்கம் காதை மட்டும் திருப்பினாள். எனக்கு அழுகை வந்தது. தும்மலோடு தும்மலாக அது யாருக்கும் தெரியாமல் போனது.

அங்கிருந்து பிஸ்கட்டை ஆழ்வார்பேட்டை கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா எங்களைத் திட்டுவதற்கு எடுத்துக்கொண்டது அவர் கையுறை மாட்டிக்கொள்ளும் நேரம் மட்டும்தான். ஆனால் அதற்குள் திட்ட வேண்டியது பூராவையும் திட்டிவிட்டார். அதன் பிறகு அவர் குரல் மாறிவிட்டது.

"வெள்ளை அணு இறங்க ஆரம்பிச்சுடுத்து மாமா. டிரிப் போடறேன். இந்த வைரஸைக் கொல்ல மருந்து கெடையாது. ஒண்ணு பண்ணிப் பார்க்கலாம். சந்தனத்தோட ரத்தத்துலேர்ந்து சீரம் பிரிச்சு இவளுக்குக் குடுக்கலாம். இன்னும் முத்தலை, அதனால ஒரு நம்பிக்கை. பொழைப்பான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"எடுங்க. எம்புட்டு வேணுமோ எடுங்க."

"மொதல்ல ரெண்டு ரத்தமும் சேருமான்னு பார்க்கணும்."

அண்ணாச்சி அவரை நிமிர்ந்து பார்த்தார். அடுத்து அண்ணாச்சி பேசிய குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவ்வளவு சின்னக் குரல்.

"நல்ல வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, டாக்டரம்மா."

சேர்ந்தது. கட்டைப்பையிலிருந்து சந்தனத்தை எடுத்துக் கொடுத்தேன். நங்கநல்லூர்க்காரிக்கு தி.நகர்க்காரியின் ரத்தத்திலிருந்து மருந்து தயாராகும் வரை நானும் அண்ணாச்சியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் அவர் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. வீடியோ கால். மதினி.

அண்ணாச்சி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ரத்தம் கொடுத்த களைப்பில் சந்தனம் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இவளையே காட்டிடுங்க அண்ணாச்சி" என்றேன். "இத்தனை நாளும் இவளைத்தானே பாத்தாங்க? ஊர்ல பிரசவ வீடு வேற. சொல்லிக் கலவரப்படுத்தணுமா?"

"தெரியாம காட்டினேன் தங்கச்சி. தெரிஞ்சு காட்ட முடியுமா?"

கேமராவைத் தன் முகத்துக்கே திருப்பிக்கொண்டார். பிஸ்கட் கடைக்கு வந்ததிலிருந்து டிரிப் ஏறுவது வரை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.  மதினிக்குப் பின்னால் எங்கோ பச்சைக் குழந்தை அழுதது கேட்டது.

"ரிப்பனக் கழட்டுனீங்களா?"

"கழட்டினேன்."

"எதுக்கு?"

"எடுபடல."

 நான் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.  

"கட்டிவிடுங்க" என்றார் மதினி. குரல் உடைந்திருந்தது. "நான் ஊருக்கு வரும்போது என் பிஸ்கட்டு கழுத்துல அந்த ரிப்பன் இருக்கணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

டிரிப் ஏறுகிற பூனைக்கு ரிப்பன் கட்ட டாக்டரம்மா விடவில்லை. அண்ணாச்சி அதைக் கூண்டின் கம்பியில் கட்டினார். அப்புறம் கடையைத் திறக்கவே இல்லை. முகூர்த்த சீசன் உச்சத்தில், தி.நகரே பிட்டு தேடி அலைந்துகொண்டிருக்க, அவர் ஆழ்வார்பேட்டை பெஞ்சில் உட்கார்ந்து அந்த ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை அணு இன்னும் இறங்கியது. ஒரு சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்து அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போனார்.  

அதற்கு மறுநாள் காலை, ஆபீஸ் போகிற வழியில் எட்டிப் பார்க்கப் போனேன். கிளினிக் வாசல்படியில் அண்ணாச்சி நின்றிருந்தார். முகத்தில் நேராக வெயில் அடித்தது. கண்ணைச் சுருக்கவில்லை.

"தங்கச்சி, மீன் தின்னுட்டா. தின்னுட்டு என்னயப் பாத்து சீறுதா."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

சீரம் காப்பாற்றியதா, டிரிப் காப்பாற்றியதா, பிஸ்கட்டின் உடம்பே எழுந்து நின்றதா என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லவில்லை. "அதைத் தெரிஞ்சுக்கத்தானே மாமா ஆராய்ச்சி" என்றார். ஆய்வுக்கூடத்துக்காரர்களுக்கு இப்போது இரண்டு பேர் ரத்தமும் வேண்டுமாம். ஒரு வயிற்றில் பிறந்து, ஒருத்தி நோயே தெரியாமல் தப்பித்தவள், இன்னொருத்தி விழுந்து எழுந்தவள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். அண்ணாச்சி சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு தடவையும் கிளினிக் வாசலில் வெயில் விழும் இடத்தில் இரண்டு பேரையும் நிறுத்தி, யார் யார் என்று தானே பார்த்துச் சொன்ன பிறகுதான் ஊசி. மழை நாளில் ரத்தம் கிடையாது. டாக்டரம்மா தலையாட்டிவிட்டார்.

என் ஏஜென்சி பிறகு ஈக்காட்டுத்தாங்கலுக்கு மாறிவிட்டது. போன வாரம் ஒரு வெங்காயக் கலர் புடவையை எடுத்துக்கொண்டு தி.நகர் போனேன். கடைச் சுவரில் அந்தப் பலகை இல்லை, ஆணி மட்டும் இருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் அண்ணாச்சி, "வீட்ல பூனை இருக்கா? ஊசி போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் என்ன ஷேடு என்று கேட்டார். பிட்டை உருவித் தானே வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்துக் காட்டினார்.

கல்லா மேல் பிஸ்கட் உட்கார்ந்திருந்தாள். மதினி பேத்தியைப் பார்க்க அடிக்கடி ஊருக்குப் போகிறாராம். பிஸ்கட்டின் கழுத்தில் அதே ரோஸ் ரிப்பன், நுனி பிரிந்து, வெளிறி.

அந்தப் பெண் விடவில்லை. "என்ன அண்ணாச்சி, நீங்களே மேட்சிங் கடை வச்சுக்கிட்டு இதுக்குப் போய் ரோஸ் கட்டியிருக்கீங்க?"

"எடுபடாதுதான்மா" என்றார் அண்ணாச்சி, பூனையின் தலையைத் தடவியபடி. "இருந்துட்டுப் போவட்டும்."

ஈக்காட்டுத்தாங்கலில் என் ஆபீசுக்கு எதிரிலேயே ஒரு மேட்சிங் கடை இருக்கிறது. வாசலில் நல்ல வெயில், உள்ளே பூனை கிடையாது. நான்தான் ஒவ்வொரு பிளவுஸ் பிட்டுக்கும் பஸ் பிடித்து தி.நகருக்குப் போய்த் தும்மிக்கொண்டு நிற்கிறேன்.